கேட்காமல் விட்ட துக்கம்

"உங்கள் ஊரில் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்டார். நான் சொன்ன பதிலில் பிழை இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டது சரிதானா என்பது எனக்கு இன்றுவரை தெளியவில்லை.

ஜப்பானின் நகோயாவில், அலுவலகத்தில் என் குழுவில் இருந்தவர் அவர். தந்தை இறந்து, துக்க விடுப்பு முடிந்து திரும்பிய அன்று, அந்த ஊர் வழக்கப்படி இனிப்புப் பெட்டியோடு மேசை மேசையாக வந்தார். வேலைக்கு வராமல் சிரமம் கொடுத்துவிட்டேன், மன்னியுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் தலை வணங்கினார். தகப்பனைப் பறிகொடுத்தவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருவதை என்னால் தாங்க முடியவில்லை.

முறைகளை முன்பே விசாரித்து வைத்திருந்தேன். கோதென் என்ற துக்கப் பணத்தைக் கறுப்பு வெள்ளை முடிச்சிட்ட உறையில் வைக்க வேண்டும். உறையின் மேல் வெளிறிய மையால் பெயர் எழுத வேண்டும்; கண்ணீர் பட்டு மை கரைந்தது என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். புது நோட்டு ஆகாது, சாவை எதிர்பார்த்து எடுத்து வைத்தது போலாகிவிடும். 4, 9 என்ற எண்கள் வரும் தொகையும் ஆகாது. மொய் எழுதிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் எளிதில் பிடிபடும். துயரம் மறுபடி வரும் என்று தொனிக்கும் சொற்களை அவர்கள் விலக்குவதும் அப்படித்தான். நாமும் துக்க வீட்டில் 'போய் வருகிறேன்' என்று சொல்வதில்லையே.

ஓர் இடத்தில்தான் வழி பிரிகிறது. எப்படி இறந்தார் என்று அங்கே கேட்கக் கூடாது. நம் ஊரில் அதைக் கேட்காவிட்டால் துக்கம் விசாரித்ததாகவே ஆகாது. என் பாட்டி இறந்தபோது, வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அம்மா அந்தக் கடைசி இரவை முதலிலிருந்து சொன்னார். சொல்லிச் சொல்லித்தான் தேறினார்.

என் மேசைக்கு அவர் வந்ததும் முறையான அனுதாபச் சொல்லை மட்டும் சொன்னேன். அவர் நகரவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வி. எரிப்போம், மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்குவோம், ஆற்றிலோ கடலிலோ கரைப்போம் என்றேன். "நாங்களும் எலும்பு எடுப்போம். இரண்டு பேர் சேர்ந்து, சாப்ஸ்டிக்கால்" என்றார். "அப்படியா" என்றேன். அது எனக்கு முன்பே தெரியும். உங்களோடு சேர்ந்து எடுத்தது யார் என்பதுதான் அடுத்து வந்திருக்க வேண்டிய கேள்வி. அது நாக்கு நுனி வரை வந்தது. அவர் வணங்கிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அலுவலகத்தில் எல்லோர் முன்னிலும் ஒருவரை அழ வைப்பது அன்பாகுமா? ஆகாது என்றுதான் நினைக்கிறேன். அவருடைய ஊர், அவருடைய முறை. வேறு யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வேறு யாரிடமும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவும் இல்லை. கேட்பது வழக்கமாக உள்ள ஊர்க்காரன் என்பதால்தான் என்னிடம் நின்றாரோ? இது என் கற்பனையாகவும் இருக்கலாம். வெறும் மரியாதைக்குக் கேட்டிருக்கலாம்.

சென்னையிலிருந்து புதிதாக வருபவர்களிடம், எப்படி இறந்தார் என்று கேட்காதீர்கள் என்றே இப்போதும் சொல்கிறேன். அவராகப் பேச்செடுத்தால் கேளுங்கள் என்றும் சேர்த்துச் சொல்லத் தோன்றும். பேச்செடுக்கிறார் என்பதை எப்படி அறிவது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.