போஸ்போரஸ் வாசலில் காத்திருந்த கப்பல்

சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருப்பவனுக்குக் கடல் வரைபடமும் காற்றும், கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏறும் நேரமும் தெரிந்தால் போதும் என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். 2022 அக்டோபர் கடைசியில், உக்ரைனின் சோர்னோமோர்ஸ்க் துறைமுகத்தில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு வந்து, இஸ்தான்புல் அருகே நங்கூரம் போட்டுக் கிடந்த நாட்களில் அந்த நினைப்பு போய்விட்டது.

அந்த ஆண்டு ஜூலை 22 அன்று இஸ்தான்புல்லின் டோல்மாபாச்சே அரண்மனையில், போரால் அடைபட்டுக் கிடந்த உக்ரைன் தானியத்தைக் கடல் வழியே வெளியே கொண்டுவருவதற்கான கருங்கடல் தானிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ரஷ்யாவும் உக்ரைனும் ஒரே தாளில் ஒப்பமிடவில்லை. இருவரும் தனித்தனியே துருக்கியுடனும் ஐ.நா.வுடனும் ஒப்பமிட்டார்கள். அதன்படி, போகும்போதும் வரும்போதும் கப்பல்களை இஸ்தான்புல் அருகே நிறுத்தி, நான்கு தரப்பினரும் சேர்ந்த குழு சோதனையிட வேண்டும்.

காலிக் கப்பலாக உள்ளே போனபோது நடந்த சோதனை இன்னும் கண்ணில் நிற்கிறது. படகிலிருந்து கயிற்றேணி வழியாக ஒவ்வொருவராக ஏறினார்கள். சரக்கறை மூடிகளைத் திறந்து காட்டினோம். ரஷ்யர் ஒரு பக்கம் நின்று டார்ச் அடித்தார். உக்ரைனியர் எதிர்ப்பக்கம் நின்று அதே இருட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மெஸ் அறையில் மாலுமிகளின் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்தார்கள். ஒருவர் பார்த்து முடித்த தாளைத் துருக்கி அதிகாரி வாங்கி மற்றவரிடம் கொடுத்தார். இரண்டடி மேசைதான். கையை நீட்டினால் எட்டும். ஆனால் ஒவ்வொரு தாளும் அவர் கை வழியாகத்தான் போனது. எங்கள் சமையல்காரர் வைத்த தேநீரை நால்வரும் குடித்தார்கள். அந்த அறையில் அவ்வளவு நேரம் இருந்தும் அந்த இருவரும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திரும்பி வந்து வெளிச் சோதனைக்குக் காத்திருந்தபோது, அக்டோபர் 29 அன்று, கிரிமியாவின் செவஸ்டோபோலில் தன் கடற்படைக் கப்பல்கள் மீது நடந்த தாக்குதலைக் காட்டி ரஷ்யா ஒப்பந்தத்தில் தன் பங்கேற்பை நிறுத்தியது. எங்கள் அடிவயிற்றில் ஆயிரக்கணக்கான டன் சோளம். ஈரம் கூடினால் சோளம் சூடேறும், புளித்த வாடை வரும். காலையும் மாலையும் வெப்பநிலை எடுத்துக் குறித்துக்கொண்டே இருந்தோம். எங்கள் போசன், அதாவது மாலுமிகளின் மேஸ்திரி, தூத்துக்குடிக்காரர்; என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பணி நேரத்தில் "சார்" என்பவர், அன்று இரவு என் அருகில் வந்து, "தம்பி, இது புழுத்துப் போகுமா? எகிப்துக்காரன் ரொட்டிக்கு என்ன செய்வான்?" என்று கேட்டார். நாங்கள் ஏற்றி வந்தது கோதுமை அல்ல என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி.

துருக்கியும் ஐ.நா.வும் சோதனையை நிறுத்தவில்லை. துருக்கிப் பாதுகாப்பு அமைச்சர் ஹுலுசி அகார் ரஷ்ய அமைச்சரிடம் பேசினார், துருக்கி அதிபர் எர்டோகன் புதினிடம் பேசினார். நவம்பர் 2 அன்று ரஷ்யா திரும்பி வந்தது. அந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்யக்கூடிய வேறு நேட்டோ தலைவர் அன்று எவரும் இல்லை. உக்ரைனுக்குத் தன் பைரக்தார் ட்ரோன்களை விற்றுக்கொண்டே, ரஷ்யா மீதான மேற்கின் பொருளாதாரத் தடையில் சேராமல் நின்றதால்தான் துருக்கிக்கு அது முடிந்தது. எதை மேற்கு நாடுகள் துரோகம் என்று கோபித்தனவோ, அதுவே எங்கள் நங்கூரத்தைத் தூக்கியது. 2023 ஜூலையில் ஒப்பந்தம் முடிவதற்குள் ஏறத்தாழ 3.3 கோடி டன் தானியம் வெளியேறியது.

பிறகு இஸ்தான்புல்லின் நடுவே கருங்கடலுக்குப் போகும் இந்த போஸ்போரஸ் நீரிணையைக் கடக்கும்போதெல்லாம் பைலட்டுகளிடம் பேச்சுக் கொடுப்பேன். நரைத்த மீசைக்காரர் ஒருவர், தன் தந்தை விமானப்படையில் மெக்கானிக்காக இருந்ததாகச் சொன்னார். 1974இல் துருக்கி சைப்ரஸில் படையிறக்கியது. அதற்காக 1975இல் அமெரிக்கா ஆயுதத் தடை விதித்தது. துருக்கியிடம் இருந்த அமெரிக்க விமானங்களுக்கு உதிரிபாகம் வரவில்லை. ஒன்றைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டி ஓட்டினார்களாம். அசெல்சான் என்ற துருக்கி ராணுவ மின்னணு நிறுவனம் பிறந்தது அதே ஆண்டில்தான். அதற்கும் முன்பே, 1964இல், அமெரிக்க அதிபர் ஜான்சன் துருக்கிப் பிரதமர் இனோனுவுக்கு எழுதிய கடிதத்தில், சைப்ரஸில் நீங்கள் தலையிட்டு சோவியத் யூனியன் உங்கள் மீது பாய்ந்தால் நேட்டோ காக்க வரும் என்று எண்ண வேண்டாம் என்ற பொருளில் எச்சரித்திருந்தார். இதைச் சொல்லும்போது அந்த பைலட்டின் குரலில் அறுபது ஆண்டு பழைய சங்கதியின் தொனியே இல்லை. 2019இல் ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணைகளை வாங்கியதும், அதற்காக எஃப்-35 போர்விமானத் திட்டத்திலிருந்து அமெரிக்கா துருக்கியை வெளியேற்றியதும் அவருக்கு அந்தக் கடிதத்தின் அடுத்த பக்கங்கள்.

துருக்கி செய்வதையெல்லாம் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. போருக்குப் பயந்து நேட்டோ கதவைத் தட்டிய ஸ்வீடனை 2022 மே முதல் 2024 ஜனவரி வரை வாசலில் நிறுத்தி வைத்தார்கள். அங்கே நடந்த குரான் எரிப்புகளின் வேதனை உண்மையானது. குர்து ஆயுதக் குழுவினருக்கு ஸ்வீடன் இடம் கொடுக்கிறது என்ற புகாரும் இருந்தது. ஆனால் துருக்கி நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த சில நாட்களிலேயே 2,300 கோடி டாலர் எஃப்-16 விற்பனைக்கு அமெரிக்க அரசு பச்சைக்கொடி காட்டியது. இன்னொரு நாட்டின் பாதுகாப்பைப் பேரத்தில் வைப்பது தவறு. வாசலில் காத்துக்கிடந்தவன் என்பதால் எனக்கு அது உறைக்கிறது.

எனக்கு இன்னும் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. போர் தொடங்கிய சில நாட்களிலேயே, இந்த நீரிணையில் கப்பல்கள் கடப்பதற்கு விதி வகுத்த 1936ஆம் ஆண்டு மாந்த்ரோ உடன்படிக்கையின்படி, போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்குத் துருக்கி நீரிணையை மூடியது. ரஷ்யக் கடற்படைக்கு அது பெரிய அடி. 2024 ஜனவரியில், உக்ரைனுக்கு பிரிட்டன் கொடுத்த இரண்டு கண்ணிவெடி அகற்றும் கப்பல்களையும் அதே விதியைக் காட்டி விட மறுத்தது. மிதக்கும் கண்ணிவெடிகளுக்கு நடுவே போகிற எங்களுக்கு அந்தக் கப்பல்கள் வந்தால் நல்லதுதானே என்று எனக்குக் கோபமாக வந்தது. சில நாட்களில் துருக்கி, ருமேனியா, பல்கேரியா மூன்றும் சேர்ந்து தாங்களே கண்ணிவெடி அகற்றுவதாக இஸ்தான்புல்லில் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரிட்டிஷ் கப்பலுக்குத் திறந்தால் நாளை ரஷ்யக் கப்பலுக்கு என்ன சொல்வது என்று அந்த பைலட் கேட்டார். கண்டில்லி வளைவு நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே நீரிணையின் அகலம் சுமார் 700 மீட்டர்தான், நீரோட்டம் கப்பலின் மூக்கைப் பிடித்துத் தள்ளும். அவர் சுக்கான் பிடிப்பவரிடம் திரும்பிவிட்டார்.

நீரிணையின் வடக்கு முனையில் அவர் இறங்கிப் போனபின் கருங்கடலுக்குள் நுழைந்தோம், ருமேனியத் துறைமுகமான கான்ஸ்டான்சாவை நோக்கி. போசன் கப்பலின் முன்முனையில் பைனாகுலருடன் நின்றார். கண்ணிவெடி பகலில்தான் கண்ணுக்குத் தெரியும். இருட்டும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை. நானும் ரேடாரை விட்டுவிட்டு அடிக்கடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.