ஷெரிஃபின் கையெழுத்தும் என் சைலன்சர் விண்ணப்பமும்

அமெரிக்காவில் எவரும் எந்தத் துப்பாக்கியையும் நினைத்த மாத்திரத்தில் வாங்கிவிடலாம் என்ற எண்ணம் நம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது. வேட்டைக்குரிய சாதாரண ரைஃபிளைப் பொறுத்தவரை, பல மாநிலங்களில் அது பெரும்பாலும் சரிதான். டீலரிடம் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்து, பின்னணிச் சோதனையில் தேறிவிட்டால் அன்றைக்கே எடுத்துச் செல்லலாம். ஆனால் சைலன்சர், 16 அங்குலத்துக்குக் குறைவான குழல் உள்ள ரைஃபிள், 18 அங்குலத்துக்குக் குறைவான குழல் உள்ள ஷாட்கன், இயந்திரத் துப்பாக்கி ஆகியவை 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றைத் தனிநபர் ஒருவர் தன் பெயரில் வாங்க வேண்டுமானால், 2016 ஜூலை வரை, தாம் வசிக்கும் பகுதியின் காவல்துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். அந்தக் கையெழுத்து இருந்த காலத்திலும் அது நீக்கப்பட்ட பிறகும் விண்ணப்பித்தவன் என்ற முறையில், அது எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு சைலன்சர். இலக்குச் சுடும் மைதானத்துக்குத் தவறாமல் செல்பவர்களுக்குக் காதுதான் முதலில் கெடும். திரைப்படங்களில் கேட்பது போல சைலன்சர் சத்தத்தை விழுங்கிவிடுவதில்லை. ஏறத்தாழ 20 முதல் 35 டெசிபெல் வரை குறைக்கும், அவ்வளவே. அந்த அளவு குறைந்தாலும் காதுக்குப் பெரிய நிம்மதி. அதை வைத்திருப்பது 42 மாநிலங்களில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. நான் வசிக்கும் மாநிலமும் அவற்றில் ஒன்று.

இதற்கான விண்ணப்பம் 'ஃபார்ம் 4' எனப்படும். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் ஆகியவற்றைக் கண்காணிக்கும் ஏ.டி.எஃப். என்ற மத்திய அமைப்புக்கு அதை இரண்டு பிரதிகளாக அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பிரதியின் பின்பக்கத்திலும் 2 அங்குலச் சதுரத்தில் புகைப்படம் ஒட்ட வேண்டும்; இரண்டு கைரேகை அட்டைகளும் அன்று 200 டாலர் வரியும் உடன் செல்ல வேண்டியிருந்தது. அன்றைய படிவத்தில், இந்தக் கருவி விண்ணப்பதாரருக்கு எதற்காகத் தேவைப்படுகிறது என்று கேட்கும் ஒரு வரியும் இருந்தது. அதில் 'சட்டத்துக்கு உட்பட்ட எல்லா நோக்கங்களுக்கும்' என்று எழுதுவதே வழக்கம் என டீலர் சொன்னார். நானும் அப்படியே எழுதினேன். அதன் கீழேதான் காவல்துறைத் தலைவருக்கான கட்டம். விண்ணப்பதாரர் வசிக்கும் பகுதி தம் அதிகார எல்லைக்குள் வருகிறது, அவர் இந்தக் கருவியைத் தவறான நோக்கத்துக்குப் பயன்படுத்துவார் என்று காட்டும் தகவல் எதுவும் தம்மிடம் இல்லை, அவர் இதை வைத்திருப்பது மாநிலச் சட்டத்தையோ உள்ளூர்ச் சட்டத்தையோ மீறுவதாகாது என்று உறுதியளித்து, அந்த அதிகாரி மையால் கையொப்பமிட வேண்டும். நற்சான்று தரும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'எனக்குத் தெரிந்து இவர்மீது புகார் இல்லை' என்பதே அந்தக் கட்டத்தின் முழுப் பொருள்.

எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், காவல்துறைத் தலைவரான ஷெரிஃபின் அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அமர்ந்திருந்த எழுத்தர் படிவத்தை என்னிடமிருந்து வாங்கக்கூட இல்லை. "ஐயா, அதில் ஷெரிஃப் கையெழுத்துப் போடுவதில்லை" என்று மரியாதையாகவே சொன்னார். என்மீது ஏதேனும் தகவல் உள்ளதா என்று கேட்டேன். "உங்கள் பெயரையே நான் இன்னும் பார்க்கவில்லையே" என்றார். அந்தப் பதில் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை. அங்கே நான் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படவில்லை. பரிசீலனை என்ற ஒன்றே நடக்கவில்லை. ஷெரிஃப் தேர்தலில் நின்று வெல்பவர். கையெழுத்திட்ட படிவத்துக்கு உரியவர் நாளை ஏதேனும் செய்துவிட்டால் அந்தத் தாள் தொலைக்காட்சியில் வரும். கையெழுத்திட மறுத்ததற்காக எவரும் பதவி இழப்பதில்லை. அவருடைய நிலையிலிருந்து பார்த்தால் அந்த முடிவு புத்திசாலித்தனமானதுதான் என்பதையும் மறுக்க முடியவில்லை.

இத்தனைக்கும் இந்தக் கையெழுத்தைக் கேட்டது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அன்று. அடையாளத்துக்குக் கைரேகையும் புகைப்படமும் வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. காவல்துறைத் தலைவரின் சான்று, பின்னர் வகுக்கப்பட்ட விதிமுறைகளில் சேர்ந்த ஒன்று. 1930களில் அதற்கு நல்ல காரணம் இருந்திருக்க வேண்டும். நாடு முழுவதற்குமான குற்றப் பதிவுகளைக் கணினியில் தேடும் வசதி 1967இல்தான் தொடங்கியது. துப்பாக்கி வாங்குபவரை உடனுக்குடன் சரிபார்க்கும் எஃப்.பி.ஐ. முறை 1998 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒருவருடைய யோக்கியதையை அறிய, அவர் வசிக்கும் ஊரின் காவல் அதிகாரியைக் கேட்பதைத் தவிர வாஷிங்டனுக்கு வேறு வழி அதிகம் இல்லை. கணினி வந்த பிறகும் பழைய கட்டம் படிவத்தில் அப்படியே தங்கிவிட்டது.

அப்படியானால் மறுக்கும் அதிகாரியைக் கையெழுத்திடச் செய்ய வழி இல்லையா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. அதற்கான காரணம் அமெரிக்க அரசமைப்பின் மிகச் சுவையான முடிச்சுகளில் ஒன்று. துப்பாக்கி விற்பனையில் பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்கிய பிரேடி சட்டத்தின் இடைக்கால ஏற்பாடு, கைத்துப்பாக்கி வாங்குபவர்களின் பின்னணியைச் சோதிக்கும் பொறுப்பை உள்ளூர்க் காவல்துறைத் தலைவர்கள்மீது சுமத்தியது. மோன்டானாவின் ரவாலி கவுண்டி ஷெரிஃப் ஜே பிரின்ட்ஸும் அரிசோனாவின் கிரஹாம் கவுண்டி ஷெரிஃப் ரிச்சர்ட் மேக்கும் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். மத்திய அரசு தன் திட்டத்தை நடத்த மாநில அதிகாரிகளுக்குக் கட்டளையிட முடியாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. துப்பாக்கி உரிமையாளர்கள் கொண்டாடிய தீர்ப்பு அது. ஆனால் சைலன்சர் வாங்க நினைத்தவர்களுக்கு அதே கோட்பாடு எதிராகத் திரும்பியது. ஃபார்ம் 4இன் கையெழுத்து நிபந்தனையை எதிர்த்த வழக்கு 2002இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தபோது, இந்த விதி எந்த அதிகாரியையும் வற்புறுத்தவில்லை, விருப்பமில்லையெனில் அவர் மறுத்துவிடலாம், ஆகவே விதி செல்லும் என்று நீதிபதிகள் கூறிவிட்டனர். அதிகாரி மறுக்கலாம் என்பதே அந்த விதியைக் காப்பாற்றிய வாதமாயிற்று.

மாநிலங்கள் தம் சொந்த அதிகாரிகளுக்குக் கட்டளையிடத் தடையில்லை. டென்னசி, கென்டக்கி போன்ற சில மாநிலங்கள், சட்டத் தடை இல்லாத விண்ணப்பதாரருக்கு 15 நாட்களுக்குள் சான்று வழங்க வேண்டும் என்று சட்டம் இயற்றின. அந்தப் பட்டியலில் என் மாநிலம் அப்போது இல்லை. நகரக் காவல்துறைத் தலைவர், ஷெரிஃப், மாநிலக் காவல்துறைத் தலைவர், அரசு வழக்கறிஞர் ஆகியோரில் ஒருவர் கையெழுத்திட்டால் போதும் என்று விதி இருந்தபடியால் மற்றவர்களுக்கும் கடிதம் எழுதிப் பார்த்தேன். 'எங்கள் அலுவலகம் இச்சேவையை வழங்குவதில்லை' என்ற ஒற்றை வரியோடு ஒரு பதில் வந்தது, மற்றவை வரவேயில்லை.

பிறகு எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன்: பொருளைத் தன் பெயரில் வைத்திருக்கும் சட்டபூர்வமான அமைப்பான டிரஸ்ட் ஒன்றை ஏற்படுத்தினேன். டிரஸ்டோ நிறுவனமோ விண்ணப்பித்தால் புகைப்படம் தேவையில்லை, கைரேகை தேவையில்லை, காவல்துறைக் கையெழுத்தும் தேவையில்லை. வழக்கறிஞர் தயாரித்த சில பக்கங்களில் நோட்டரி முன்னிலையில் ஒப்பமிட்டதும், ஷெரிஃப் அலுவலகத்துக்கு முகமே தெரியாத அதே நான், எந்தக் கேள்வியும் இல்லாமல் விண்ணப்பிக்கும் தகுதியைப் பெற்றுவிட்டேன். என் கைரேகையைத் தர நான் தயாராக இருந்தபோது அதை வாங்க ஆள் இல்லை. டிரஸ்டின் பெயரில் வந்தபோது அதைக் கேட்கவே இல்லை. காவல் செய்வதற்காக வைத்த நிபந்தனை, கண்காணிப்பு குறைவான பாதைக்கு மக்களைத் தள்ளிவிட்டது என்பதற்கு ஏ.டி.எஃப். வெளியிட்ட கணக்கே சாட்சி: டிரஸ்டுகளும் நிறுவனங்களும் தாக்கல் செய்த விண்ணப்பங்கள் 2000இல் ஏறத்தாழ 840, 2009இல் 12,600, 2012இல் 40,700.

உள்ளூர்க் காவல்துறைக்குத் துப்பாக்கி விற்பனையில் இடமே இருக்கக் கூடாது என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. கணவன் மனைவியை மிரட்டுகிறான் என்று ஒரே வீட்டிலிருந்து மீண்டும் மீண்டும் அழைப்பு வந்து, ஒருமுறைகூட வழக்காக மாறாமல் போன கதை எஃப்.பி.ஐ. கணினியில் இருக்காது, அந்தத் தெருவில் ரோந்து செல்லும் காவலருக்குத் தெரிந்திருக்கும். அந்த அறிவைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் பயன்படுத்துவதற்கு ஒரு முறை வேண்டும். நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கி வாங்குவதற்கான பெர்மிட்டை உள்ளூர்க் காவல்துறைத் தலைவரே வழங்குகிறார். அங்கே மறுக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். முடிவெடுக்கச் சட்டம் காலக்கெடுவும் விதித்திருக்கிறது. அந்தக் கெடு எப்போதும் காப்பாற்றப்படுவதில்லை என்று அங்குள்ளோர் குறைப்படுவார்கள். என்றாலும் கெடு என்று ஒன்று இருந்தால்தானே மீறலைச் சுட்டிக்காட்ட முடியும்? மறுபுறம், வட கரோலினாவில் 1919 முதல் இருந்த ஷெரிஃப் பெர்மிட் முறை 2023 மார்ச்சில் ரத்தானது. இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த நாட்களில் பிறந்த அந்த முறையில், ஷெரிஃப் யாருக்கு மறுப்பார் என்பதை ஊகிக்க அதிக யோசனை தேவைப்படவில்லை.

நம் நாட்டுச் சட்டத்தை இங்கே ஒருமுறை நினைத்துக்கொள்வது பொருத்தம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வழங்கும் அதிகாரி அருகிலுள்ள காவல் நிலையத்தின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். குறித்த காலத்துக்குள் அறிக்கை வராவிட்டால் அதற்காகக் காத்திராமல் ஆணை பிறப்பிக்கலாம். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதை விண்ணப்பித்தவர்கள் அறிவார்கள், அது வேறு கதை. எனினும் காவல்துறை கருத்துச் சொல்வது ஒன்று, காவல்துறையின் மௌனமே தீர்ப்பாகிவிடுவது வேறொன்று என்ற வேறுபாட்டை அந்தச் சட்டத்தின் வாசகம் தெளிவாகவே கண்டிருக்கிறது.

அமெரிக்காவில் அந்த வேறுபாடு ஏற்பட 2016 ஆக வேண்டியிருந்தது. துப்பாக்கி வணிகர்களும் சேகரிப்பாளர்களும் அடங்கிய சங்கம் ஒன்று 2009இல் கொடுத்த மனுவில் தொடங்கி, 2013இல் வரைவு விதியாகி, 2016 ஜனவரியில் அட்டர்னி ஜெனரல் லொரெட்டா லின்ச் கையெழுத்திட்ட '41எஃப்' என்னும் இறுதி விதி அவ்வாண்டு ஜூலை 13 அன்று நடைமுறைக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், 2013இன் வரைவு கையெழுத்தை நீக்கவில்லை. டிரஸ்டின் பொறுப்பாளர்கள் அனைவரும் அதைப் பெற வேண்டும் என்று விரிவுபடுத்தவே முனைந்தது. ஆயிரக்கணக்கில் ஆட்சேபங்கள் வந்து குவிந்த பிறகு இறுதி விதி வேறு வடிவம் கொண்டது. டிரஸ்ட் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் கைரேகையும் புகைப்படமும் தர வேண்டும். காவல்துறைத் தலைவரின் கையெழுத்து எவருக்கும் தேவையில்லை. பதிலாக, விண்ணப்பத்தின் ஒரு பிரதியை அவருக்கு அனுப்பிவிட வேண்டும். அவரிடம் தகவல் இருந்தால் ஏ.டி.எஃப்.க்குத் தெரிவிக்கலாம். இல்லையென்றால் அவர் பேசாமலிருக்கலாம், விண்ணப்பம் தன் வழியில் போகும். டிரஸ்ட் என்ற சந்து அடைபட்டதையும் நான் வரவேற்றேன். நண்பர்கள் சிலர் அதற்காக என்னோடு இன்னும் சண்டை போடுகிறார்கள்.

புதிய விதியின் கீழ் என் பெயரிலேயே விண்ணப்பித்தபோது, பிரதியை ஷெரிஃப் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அப்படி அனுப்ப வேண்டும் என்று விதி எதுவும் சொல்லவில்லை. ஒப்புகைச் சீட்டு கையில் இருப்பது நல்லது என்பது என் எண்ணம். கைரேகை எடுக்க அதே அலுவலகத்துக்குப் போக நேர்ந்தது. முன்பு படிவத்தைத் தொட மறுத்த அதே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், கட்டணம் வாங்கிக்கொண்டு, என் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக உருட்டிப் பதித்துக் கொடுத்தார்கள்.

2021 இறுதியிலிருந்து ஃபார்ம் 4ஐ இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். காவல்துறைத் தலைவருக்கான பிரதியை அந்தத் தளமே தயாரித்துக் கொடுக்கும். அச்சிட்டு அனுப்புவது விண்ணப்பதாரரின் பொறுப்பு. 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குறுங்குழல் துப்பாக்கிகளுக்கும் 200 டாலர் வரி பூஜ்யமாகிவிட்டது. இயந்திரத் துப்பாக்கிக்கும் கையெறி குண்டு போன்ற அழிவுக் கருவிகளுக்கும் அது நீடிக்கிறது. வரி போய்விட்டதால் படிவமும் போய்விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். பதிவு, கைரேகை, புகைப்படம், காவல்துறைக்கான பிரதி எல்லாம் அப்படியே இருக்கின்றன. வீடு மாறியவர்கள், தம் புதிய முகவரி எந்த அதிகாரியின் எல்லைக்குள் வருகிறது என்பதைத் தாக்கல் செய்வதற்கு முன் பார்த்துக்கொள்வது நல்லது. நகர எல்லைக்கு வெளியே என்றால் பெரும்பாலும் கவுண்டி ஷெரிஃபின் பெயரைத்தான் எழுத வேண்டியிருக்கும்.