வடிவு: ஒரு பெயரும் அதன் உருவங்களும்

ஜூன் 4, திருவொற்றியூர்

பேத்தி பிறந்து பதினோரு மாதம் முடிந்தும் பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான இடம் காலியாகவே இருக்கிறது. 12 மாதத்துக்குள் பதிந்தால் கட்டணமில்லை என்பதால்தான் இந்த வாரம் வீட்டில் பேச்சு சூடு பிடித்திருக்கிறது. என் அம்மாவின் பெயரை வைப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்த உருவில் வைப்பது என்பதுதான் வழக்கு. அம்மா வடிவாம்பாள். தேரடிப் பக்கம் அப்படிக் கேட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. வடிவு என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டிருப்பார்கள்.

ஜூன் 5

மாப்பிள்ளைக்கு வடிவுக்கரசி பிடித்திருக்கிறது. நல்ல பெயர்தான், ஆனால் கேட்பவருக்கு நடிகைதான் முதலில் நினைவுக்கு வருவார். வடிவழகி எனக்கு ஒப்பவில்லை: வடிவு என்றாலே அழகுதானே, யாழ்ப்பாணத்தார் இன்றும் ‘வடிவான பிள்ளை’ என்றுதானே சொல்கிறார்கள்! சம்பந்தியம்மா கைப்பேசியில் தேடி எடுத்த ‘வடிவிகா’ மாத்திரைப் பெயர் போல ஒலிக்கிறது. இதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 7

வடிவுடையம்மன் சந்நிதியில் நிற்கும்போதும் இதே யோசனை. பௌர்ணமியன்று மேலூர்த் திருவுடையம்மன், இங்கே வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பவர்கள் பெயர்களை ஒரே மூச்சில் சொல்வார்கள். முதலிரண்டில் இருப்பது ‘உடை’, அதாவது உடையவள். மூன்றாவதில் இருப்பது ‘இடை’, கொடி போன்ற இடை. ஓசை ஒன்றிவிடுவதால் இந்த வேறுபாடு எனக்கே இத்தனை வயதுக்குப் பிறகுதான் உறைத்தது. வள்ளலார் இந்த வடிவுடையம்மன்மேல் பாடிய 101 பாடல்களையும் ‘வடிவுடை மாணிக்கமே’ என்று முடித்தும் அச்சொல் தேயவில்லை. ஆகவே வடிவுடைநாயகி என்றே வைக்கலாமே என்று கோயிலில் தோன்றியது. வீடு வருவதற்குள், ஏழெழுத்தையும் யார் கூப்பிடப்போகிறார்கள் என்றும் தோன்றியது.

ஜூன் 10

அம்மா இறந்த பிறகு, பத்திரத்தில் வடிவாம்பாள், குடும்ப அட்டையில் வடிவம்மாள் என்றிருந்ததற்காக, இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க ஓர் அலுவலகத்துக்கு நான் மாதக்கணக்கில் அலைந்தேன். அதனால் வாயில் வழங்குவதே தாளிலும் இருக்கட்டும், வெறும் வடிவு போதும் என்றேன். “வடிவேலுவையும் வடிவு என்றுதானே அப்பா கூப்பிடுகிறார்கள்?” என்றாள் மகள். நியாயமான கேள்விதான். ஆனாலும், “ஆயாவை அப்படித்தானே கூப்பிட்டோம்” என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

ஜூன் 11

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. தமிழில் வடிவு. ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும், ‘டி’யை யாரும் ‘தி’ என்று படித்துவிடக் கூடாதென்று மகள் இரண்டு ‘d’ போட்டுவிட்டாள். வட்டிவு என்று படிக்கமாட்டார்களா?