ஆறு பன்றிக்குப் புல், ஆறு பன்றிக்குத் தீவனம்

ஜூன் 3

ஆத்தூர் மண்டியில் மக்காச்சோளம் மறுபடி ஏறிவிட்டது. நாங்களே அரைத்துக் கலக்கும் தீவனம் கிலோ 28 ரூபாயில் வந்து நிற்கிறது. பன்றிப் பண்ணையில் பத்து ரூபாய் செலவானால் அதில் ஏழு ரூபாய் தீவனத்துக்கே போய்விடும்.

ஓட்டல் கழிவு எடுத்துக்கொண்டிருந்தவரை இந்தக் கவலை இல்லை. 2020-ல் அசாமில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டபோது, எங்கேயோ தொலைவில்தானே என்று இருந்துவிட்டோம். 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளுக்கே வந்துவிட்டது. கழிவில் சரியாக வேகாத ஒரு துண்டு பன்றிக்கறி இருந்தால் போதும், கொட்டகையே காலியாகிவிடும். வந்தபின் காப்பாற்ற மருந்தும் கிடையாது. அன்றைக்கே டிரம்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டோம்.

மேட்டுக்காட்டில் 20 சென்ட் கோ-4 என்ற மாட்டுத் தீவனப் புல் ஆளுயரத்துக்கு நிற்கிறது. மாடுகளை விற்றபின் அதை அறுப்பாரில்லை. போனில் வரும் வீடியோக்களில் புல்லைப் போட்டே பன்றியைக் கொழுக்க வைக்கலாம், பாதிச் செலவு மிச்சம் என்கிறார்கள். "நம்ம கொட்டகையிலேயே போட்டுப் பாத்துரலாங்க" என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 5

பன்னிரண்டு பன்றிகள், எல்லாம் வெண் யார்க்‌ஷயர். சராசரி 34 கிலோ. ஆறு ஆறாகப் பிரித்தாயிற்று. கிழக்கு அறைக்குத் தலைக்கு 2 கிலோ தீவனம். மேற்கு அறைக்கு 1.4 கிலோ, மீதிக்குப் புல், தின்கிற அளவுக்கு.

எங்களிடம் தராசு இல்லை. காதுகளுக்கு நடுவிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை டேப் பிடித்தால் நீளம். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தால் சுற்றளவு. இரண்டும் இன்ச்சில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 400-ஆல் வகுத்தால் எடை பவுண்டில் வரும். பன்றி ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும், அதுதான் பாடு. தொட்டியில் கொஞ்சம் தீவனத்தைப் போட்டு, அது தலை குனிந்ததும் அளந்துவிடுவேன்.

ஜூன் 6

முற்றின புல்லையே முதலில் அறுத்தோம். மெஷினில் நறுக்கிப் போட்டதும் ஆறும் ஓடிவந்தன. நான் தடுப்புச் சுவரில் சாய்ந்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இலையை அப்படியே வழித்துத் தின்கின்றன. தண்டு வாயில் அகப்பட்டால் கடைவாயில் ஒதுக்கி நறநறவென்று மெல்லுகின்றன, கரும்பு தின்பதுபோல. சாற்றை உறிஞ்சியபின் சக்கையைத் துப்பிவிடுகின்றன. மாலையில் தரையெல்லாம் சுருண்ட சக்கை. அள்ளினால் அன்னக்கூடையில் பாதிக்குமேல் வந்தது.

அத்தை பார்த்துவிட்டு, "மாடு அசைபோடும், பன்னி என்ன பண்ணும்?" என்றார். அந்த ஒரு கேள்வியிலேயே விஷயம் முழுக்க இருக்கிறது.

ஜூன் 14

சினைப் பன்றியைப் பார்க்கக் கால்நடை டாக்டர் வந்திருந்தார். அத்தையின் கேள்வியை அவரிடம் கேட்டேன். மாட்டுக்குப் புல் முதலில் போய்ச் சேருவது பெருவயிற்றில். அங்கே கிருமிகள் நாரைக் கரைத்துச் சத்தாக்கித் தருகின்றன. பன்றிக்கு நம்மைப்போல ஒற்றை வயிறு. நாரெல்லாம் அப்படியே பெருங்குடல்வரை போய்த்தான் புளிக்கிறது. அதற்குள் சத்தை உறிஞ்சும் சிறுகுடலைத் தாண்டிவிடும். பெருங்குடலில் கிடைக்கிற அமிலங்களால் கொஞ்சம் சக்தி உண்டு, அவ்வளவுதான். வளர்ந்த தாய்ப்பன்றிக்கு அந்தக் குடல் பெரிசு, அதனால் அது இன்னும் கூடுதலாக எடுத்துக்கொள்ளுமாம்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஒரு கிலோ தீவனத்தில் தண்ணீர் போக மிஞ்சும் உலர்பொருள் 900 கிராம் என்றால், அதற்கு ஈடாக நாலரை கிலோ புல் வேண்டும். அப்போதும் சக்தி ஈடாகாது. 40 கிலோ பன்றியின் வயிற்றில் இடம் எங்கே இருக்கிறது? நிறைந்துவிடும், ஆனால் பசி உள்ளேயே இருக்கும்.

ஜூன் 16

அறுப்பை மாற்றினோம். முற்றினதை மண்ணின்மேல் பரப்பும் மூடாக்குக்கு ஒதுக்கிவிட்டு, அடியோடு அறுத்த இடத்தில் துளிர்த்துவருவதை மட்டும் இனி எடுப்பது. மாட்டுக்கு 45 நாளுக்கு ஒருமுறை அறுப்போம். பன்றிக்கு இடுப்பளவு வந்தாலே அறுத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சவுண்டல் (சூபாபுல்) மரத்துத் தழையை வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். நல்ல மனசு, ஆனாலும் வாங்கிக்கொள்ளவில்லை. அதில் மிமோசின் என்ற நச்சு இருக்கிறது. தொடர்ந்து தின்றால் பன்றிக்கு முடி கொட்டும்.

ஜூன் 23

எதிர்பார்க்காத ஒன்று. கிழக்கு அறையில் ஒரு குட்டியின் வாலை மற்றவை கடித்து ரத்தம். மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவித் தனியே கட்டியிருக்கிறேன். மேற்கு அறையில் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மதியம் தீவனம் தீர்ந்து, வெயில் ஏறி, செய்ய வேலை இல்லாத நேரத்தில்தான் கிழக்கு அறையில் சண்டை தொடங்குகிறது. அந்த நேரத்தில் மேற்கு அறைப் பன்றிகள் புல்லைக் கிளறிக்கொண்டு, மென்றுகொண்டு, தங்கள் பாட்டில் இருக்கின்றன. மூக்கால் கிளறுவதற்கென்றே பிறந்த பிராணியை வெறும் சிமென்ட் தரையில் நிறுத்திவைத்திருக்கிறோம். இத்தனை வருஷம் எனக்கு இது உறைக்கவில்லை.

ஜூலை 5

முப்பது நாள் முடிந்தது. கிழக்கில் முதலில் அளந்ததற்குச் சுற்றளவு 36, நீளம் 35. 113 பவுண்டு, 51 கிலோ. அறைச் சராசரி 52. மேற்கில் சராசரி 47.

மிச்சமான தீவனம் 108 கிலோ, 3,024 ரூபாய். குறைந்த எடை ஆறு பன்றிக்கும் சேர்த்து 30 கிலோ. உயிர் எடை கிலோ 150 என்று வைத்தால் 4,500 ரூபாய். அறுத்த கூலி, மெஷின் கரண்டு, சக்கை அள்ளிய நேரம் எதையும் இதில் சேர்க்கவில்லை. தீவனத்தைக் குறைத்து அந்த இடத்தில் புல்லை வைத்தால் நஷ்டம்தான். இதைக் காட்டாமல் வீடியோ போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. கடன் வாங்கிக் கொட்டகை போட்டவர்களும் அதைத்தானே நம்புகிறார்கள்.

ஜூலை 6

இரண்டாவது கட்டம். மேற்கு அறைக்கும் முழுத் தீவனம். அதோடு மதியம் இரண்டு மணிக்குத் தலைக்கு ஒரு கிலோ இளம்புல், அதில் கால்வாசி வரப்போரத்து வேலிமசால், பயறுவகைத் தீவனச் செடி. தண்டு வராமல் இலையாகவே. காலையும் மாலையும் தீவனம், நடுவில் புல், ஒன்றோடு ஒன்று கலப்பதில்லை. கிழக்கு அறையின் வால் பிரச்சினைக்காக அங்கேயும் ஒரு கைப்பிடி போடலாமா என்று இவர் கேட்டார். கணக்குக் குழம்பும் என்று முதலில் தடுத்தேன். பிறகு கடிபட்ட குட்டியைப் பார்த்து மனசு கேட்கவில்லை, போட்டுவிட்டேன்.

ஜூலை 19

சாணம் நன்றாகக் கட்டுகிறது. மலச்சிக்கல் இல்லை. தினம் கழுவும் நேரம்தான் கால்மணி கூடுதல்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. பூஜை முடிந்து அளந்தோம். கிழக்கு 69 கிலோ, மேற்கு 65. முன்னால் ஐந்து கிலோ வித்தியாசம், இப்போது நான்கு. பழைய பாக்கியைப் பிடிக்க முடியவில்லை, ஆனால் முழுத் தீவனத்தோடு ஒரு கிலோ இளம்புல் வளர்ச்சியைக் கெடுக்கவில்லை. வால் கடி இரண்டு அறையிலும் நின்றுவிட்டது.

மிஞ்சிய புல்லெல்லாம் தாய்ப்பன்றிகளுக்குப் போகிறது. சினைக் காலத்தில் அவற்றுக்குத் தீவனம் அளந்துதான் வைக்க வேண்டும், கொழுத்துவிட்டால் குட்டி போடும்போது சிரமம். அதனால் எப்போதும் பசியோடு கம்பியைக் கடித்துக்கொண்டே நிற்கும். இப்போது ஆளுக்கு மூன்று நான்கு கிலோ புல்லைத் தின்றுவிட்டு மதியம் படுத்துத் தூங்குகின்றன. இந்த 20 சென்ட்டும் இனி அவற்றுக்குத்தான் முதல் உரிமை.

செப்டம்பர் 6

வியாபாரி வந்தார். 90 கிலோவுக்கு மேல் போனவற்றை ஏற்றிவிட்டோம், மேற்கு அறையில் இரண்டு பின்தங்கி நிற்கின்றன. நாலு நாளைக்கு முன்பே புல்லை நிறுத்தியிருந்தேன். நாரைத் தின்று வளர்ந்த பன்றிக்குக் குடல் பெருத்திருக்கும், குடல் நிறைந்தும் இருக்கும். உயிர் எடையில் அதையும் சேர்த்து விற்றுவிட்டால், அறுக்குமிடத்தில் கறி குறைந்து போகும். அவர் ஆறு வருஷமாக எங்களிடம்தான் எடுக்கிறார். "நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுது தங்கச்சி" என்றார். மொத்தப் பணத்தையும் கையில் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

செப்டம்பர் 8

வரப்போரத்து வேலிமசால் மொட்டையாகிவிட்டது. புல்லுக்கு நடுவே மூன்று வரிசை போட விதை வாங்கி வந்தேன். விதைத்தோல் கல்மாதிரி. 80 டிகிரிச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டெடுத்துப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறேன். விடிந்ததும் நிழலில் உலர்த்தி, வெயில் ஏறுவதற்குள் போட்டுவிட வேண்டும்.