நீலத் திரையும் பிரெஞ்சு கீபோர்டும்

காரைக்காலிலிருந்து பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்கு வந்த நாள் முதல், இங்கே சேன் ஆந்த்ரே ஊரில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பாடத்தாள்கள் எல்லாம் ஒரே லேப்டாப்பில்தான் இருக்கின்றன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. என் லேப்டாப்பில் 11 ஏறாது. ஆனால் வீட்டுக்காரரின் கடைக் கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். அதனால் விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் உபுண்டு 24.04 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுப் பழகலாம் என்று முடிவு செய்தேன்.

"முதல் வேலையா செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடுங்க" என்றார் தெரிந்தவர் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. கணினி விழித்ததும் முதலில் ஓடும் நிரல் நம்பகமானதுதானா என்று கையொப்பத்தைப் பார்த்து உறுதி செய்யும் காவல் அது. உபுண்டுவின் ஷிம் என்ற சிறு நிரலில் மைக்ரோசாஃப்ட் கையொப்பம் இருப்பதால், அதை அந்தக் காவல் தடுக்காது. பிறகு எதற்கு அணைக்க வேண்டும்?

டிஸ்க் முழுக்க, விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரில் பூட்டியிருந்தது. உபுண்டுவை நிறுவும் நிரலும் அதைப் பார்த்துவிட்டு மேலே போக மறுத்தது. பிட்லாக்கர் பூட்டைக் கழற்றுவதற்கு முன் மீட்புச் சாவியை நோட்டில் கையால் எழுதிக்கொண்டேன்: ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்கம். இரண்டு முறை சரிபார்த்தேன். தயவுசெய்து யாரும் இதைத் தவிர்க்காதீர்கள். அப்புறம், அணைத்தாலும் விண்டோஸைப் பாதி உறக்கத்தில் வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்தி, விண்டோஸிலேயே 60 ஜிபி இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். உபுண்டு சிக்கலில்லாமல் ஏறியது.

வைஃபை மட்டும் வரவில்லை. என் லேப்டாப்பில் உள்ள வைஃபை சில்லை இயக்கும் நிரலை, அதாவது டிரைவரை, நம் கணினியிலேயே தொகுத்துக்கொள்ள வேண்டும். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து இணையம் எடுத்து அதைப் போட்டேன். செக்யூர் பூட் இயங்குவதால், புது டிரைவருக்குக் கையொப்பமிடும் சாவியைப் பதிய எட்டு எழுத்துக்குக் குறையாமல் ஒரு பாஸ்வேர்டு கேட்டது. ஊர்ப் பெயரும் ஆண்டுமாக ஒன்று கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். நீலத் திரை வந்தது. பத்து விநாடிக்குள் ஒரு விசையை அழுத்தாவிட்டால் அது போய்விடும். 'என்ரோல் மோக்' (அந்தச் சாவியைப் பதி), 'கன்டினியூ', 'யெஸ்', அடுத்து பாஸ்வேர்டு. தவறு என்றது. நிதானமாக மறுபடி தட்டினேன். மூன்றாவது முறையும் தவறு. உள்ளே போய் டிரைவரை ஏற்றிப் பார்த்தால், சாவி நிராகரிக்கப்பட்டது என்ற வரிதான் மிச்சம்.

புதுச்சேரியில் இருக்கும் அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். இங்கே இரவு ஒன்பதரை, அங்கே பதினொன்று. "அத்தை, உங்களுது பிரெஞ்சு கீபோர்டுதானே? அந்த நீலத் திரைக்கு அது தெரியாது. அமெரிக்க கீபோர்டுன்னு நினைச்சுக்கும்" என்றான்.

அவன் சொன்னதும் ஒவ்வொரு விசையாகப் பார்த்தேன். எங்கள் 'ஏ' இருக்கும் இடத்தில் அதற்கு 'க்யூ'. எங்கள் 'எம்' அதற்கு அரைப்புள்ளி. எண்ணுக்கு நாங்கள் ஷிஃப்ட் பிடிப்போம். அங்கே ஷிஃப்ட் பிடித்தால் குறியீடு வரும். பாஸ்வேர்டு கொடுத்தது உபுண்டுவில், பிரெஞ்சு அமைப்பில். திரும்பத் தட்டியது அமெரிக்க அமைப்பில். என்ன விழுகிறது என்று திரையும் காட்டாது. எப்படிப் பொருந்தும்?

ஏ, க்யூ, இசட், டபிள்யூ, எம் ஐந்தும் இல்லாமல், எண்ணும் குறியீடும் இல்லாமல் சிறிய எழுத்தில் ஒரு சொல் வேண்டும். மற்ற எழுத்துகள் இரண்டு கீபோர்டிலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அவன் ஊர்ப் பெயரையே ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தோம்: பி, யூ, டி, யூ, சி, எச், இ, ஆர், ஐ. ஒன்பது எழுத்து, ஒன்றுகூட இடம் மாறவில்லை. இந்த பாஸ்வேர்டு அந்த ஒரு தடவைக்குத்தான் என்பதால் எளிதாக இருந்தாலும் பரவாயில்லை.

மோக்யூட்டில் என்ற சாவிப் பதிவுக் கட்டளையில் சாவியை மறுபடி இம்போர்ட் செய்து, ரீஸ்டார்ட் செய்து, ஒன்பது எழுத்தையும் தட்டினேன். ஏற்றுக்கொண்டது. உள்ளே போனதும் வைஃபை பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயர் முதலில் நின்றது. செக்யூர் பூட் இயங்குகிறதா என்று கேட்டேன். இயங்குகிறது என்றே பதில் வந்தது.

அதன் பிறகு இரண்டு முறை உபுண்டுவின் மையப் பகுதியான கெர்னல் மாறிவிட்டது. டிரைவர் தானாகத் தொகுத்து அதே சாவியில் கையொப்பமிட்டுக்கொள்கிறது. நீலத் திரை திரும்ப வரவில்லை.