ஒன்பது மணிக்கு பெர்ரி மேசன்

பிப்ரவரி 4, செவ்வாய்

அண்ணாவுக்கு ஸ்கேன் முடிந்தது. முடிவு வெள்ளிக்கிழமை சொல்வார்களாம். வரும் வழியில் சன்னிவேலில் நிறுத்தச் சொன்னான் அண்ணா. இட்லி கேட்டான். ஒன்றரை இட்லியோடு தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "சாம்பார் சரியில்ல" என்றான். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 5

காலை ஒன்பது மணிக்கு இந்த வீட்டில் யாரும் பேசக் கூடாது. டிவியில் பெர்ரி மேசன், பழைய வக்கீல் தொடர். கறுப்பு வெள்ளை. எல்லாம் ஒரே அச்சு. முதல் கால்மணி நேரத்தில் ஒரு அயோக்கியன் ஊரையே பகைத்துக்கொள்வான். பிறகு செத்துக் கிடப்பான். ஒரு அப்பாவி மாட்டுவார். கடைசியில் கோர்ட்டில் மேசன் கேட்கும் கேள்வி தாங்காமல் யாராவது எழுந்து நின்று நான்தான் கொன்றேன் என்று கதறுவார்கள். 1957-லிருந்து 1966 வரை 271 எபிசோடு இப்படியே ஓட்டியிருக்கிறார்கள். அண்ணா விளம்பர இடைவேளையிலேயே கொலைகாரனைச் சொல்லிவிடுவான். தப்பாகிவிட்டால் கதை சரியில்லை என்பான்.

நான் மேசனாக நடிக்கும் ரேமண்ட் பர்ரின் கண்ணைத்தான் பார்க்கிறேன். தூங்கியே பல நாளான மாதிரி ஒரு கண். வார நாட்களில் வீட்டுக்கே போகாமல் ஸ்டுடியோவிலேயே தங்கி, விடிவதற்கு முன்னால் எழுந்து பக்கம் பக்கமாக வசனம் மனப்பாடம் செய்வாராம். முதலில் அவரைக் கூப்பிட்டது மேசனாக நடிக்க இல்லை, எதிர்த்தரப்பு வக்கீல் பர்கருக்கு. மேசனுக்கும் என்னைச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டு, உடம்பை இளைத்துக்கொண்டு வந்தார். அதற்கு முன்னால் எல்லாம் வில்லன்தான். ஹிட்ச்காக் படத்தில் எதிர் ஜன்னலில், படுக்கையில் கிடக்கும் மனைவியைக் கொல்கிறவர் இவர்தான்.

பிப்ரவரி 6

அம்மா போன் செய்தாள். வீடியோவை அணைத்துவிட்டு, "டென்வர்ல இருக்கேம்மா, ஆபீஸ் வேலை, நெட் சரியா எடுக்கல" என்றான். அங்கே குளிருமே, மப்ளர் எடுத்துட்டுப் போனியா என்று அம்மா கேட்டாள். எடுத்துட்டு வந்திருக்கேன் என்றான். வைத்ததும் என் பக்கம் திரும்பி, "நீ வாயத் தொறக்காத."

இரவு. தூக்கம் வரவில்லை. பர்ரைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். வாசித்திருக்கக் கூடாது.

பேட்டிகளில் தனக்கு மூன்று மனைவிகள் என்று சொல்லியிருக்கிறார். முதல் மனைவி ஆனெட் சதர்லாண்ட், நடிகை, 1943-ல் நடிகர் லெஸ்லி ஹோவர்ட் போன அதே விமானத்தில் செத்துப்போனாள். ஒரே மகன் மைக்கேல் பத்து வயதில் ரத்தப் புற்றுநோயில் போனான். மூன்றாமவள் புற்றுநோயில். பையனின் கடைசி வருடத்தில் வேலையை விட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கா முழுக்கச் சுற்றிக் காட்டியதாகவும் சொல்லியிருக்கிறார்.

ஒன்றும் கிடையாது. நடந்தது ஒரே கல்யாணம், 1948-ல், இசபெல்லா வார்டு என்ற பெண்ணோடு. அதுவும் சில மாதம்தான் சேர்ந்து வாழ்ந்தார்கள், பிறகு விவாகரத்து. ஊர் சுற்றினேன் என்ற அந்த வருடம் அவர் ஒன்றன் பின் ஒன்றாகப் படங்களில் நடித்துக்கொண்டிருந்தார். லிஸ்பனிலிருந்து புறப்பட்ட அந்த விமானத்தை ஜெர்மானியர்கள் சுட்டு வீழ்த்தியது உண்மை, 17 பேர் செத்தது உண்மை. அந்தப் பட்டியலில் ஆனெட் இல்லை.

பட்டியல் இருக்கிறதே! யாராவது ஒருவர் எடுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். 1993-ல் அவர் செத்தபோது பத்திரிகைகளில் வந்த இரங்கல் குறிப்புகளிலும் மைக்கேல் இருக்கிறான். பத்து வயது. ரத்தப் புற்றுநோய்.

பிப்ரவரி 7, வெள்ளி

போன் வரவில்லை.

பிப்ரவரி 8

அண்ணா இன்று நல்ல மூடில் இருந்தான். காட்ஸில்லா போட்டுக் காட்டினான். 1954-ல் ஜப்பானில் எடுத்த படத்தை வாங்கி, பர்ரை நிருபராக நடிக்க வைத்துத் தனியே எடுத்த காட்சிகளை நடுநடுவே ஒட்டி 1956-ல் அமெரிக்காவில் ஓட்டினார்கள். ஜப்பான் படத்தில் நடித்தவர்களோடு அவர் சேர்ந்து நடிக்கவே இல்லை. அவர்கள் இவரோடு பேசுகிற இடங்களில் முதுகு மட்டும் தெரியும், ஏனென்றால் அவை வேறு யாருடைய முதுகோ. டோக்கியோ எரிகிறது, இவர் பைப்பைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கவலைப்படுகிறார். அண்ணா சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அண்ணி எட்டிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனாள்.

பிப்ரவரி 10, திங்கள்

கூப்பிட்டார்கள். தெளிவாக இல்லையாம். பயாப்ஸி எடுக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை என்றவர்கள் திங்கள்கிழமை கூப்பிட்டு இதைச் சொல்ல, நடுவில் மூன்று ராத்திரி எங்களுக்கு எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியவேண்டிய அவசியம் இல்லை.

சாயங்காலம் அண்ணாவிடம் மைக்கேல் கதையைச் சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன். இல்லாத குழந்தையைப் பெற்று, அதற்கு நோயைக் கொடுத்து, கொன்று, அதை வைத்து அனுதாபம் வாங்கியிருக்கிறான் இந்த மனுஷன் என்றேன். உண்மையிலேயே பிள்ளையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவர்கள் அந்தப் பேட்டியை வாசித்திருக்க மாட்டார்களா?

அண்ணா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஏன் கல்யாணம் பண்ணிக்கலன்னு ஊரே கேக்கும். பொண்டாட்டி செத்துட்டான்னு சொல்லு, ஒருத்தன் கேக்க மாட்டான்."

ராபர்ட் பெனவிடெஸ். இப்படி ஒரு பெயரை யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கத்தான் இத்தனை சாவு. பெர்ரி மேசன் செட்டில் சந்தித்தார்கள். பர் சாகிற வரைக்கும் ஜோடியாகச் சேர்ந்தே இருந்தார்கள். அந்தக் காலத்து ஹாலிவுட்டில் இது வெளியே வந்திருந்தால் மறுநாள் காலை அவருக்கு வேலை இருந்திருக்காது.

சரி. ஆனால் ஒரு மனைவி போதாதா? குழந்தை எதற்கு?

பிப்ரவரி 11

குழந்தை எதற்கு என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒகினாவாவில் குண்டடி பட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். கடற்படையில் இருந்ததற்கே ஆதாரம் இல்லை. அது வெறும் பீற்றல், விட்டுவிடலாம். பையன் அப்படி இல்லை.

பிப்ரவரி 12

இன்று ஒன்பது மணி எபிசோடில் போலீஸ் லெப்டினன்ட் டிராக் வரவில்லை. ஆனால் ஆரம்பத்தில் அவராக நடிப்பவரின் பெயர் போட்டார்கள்: ரே காலின்ஸ். அண்ணாதான் விஷயம் சொன்னான். காலின்ஸுக்கு உடம்பு முடியாமல் வசனம் மறக்கத் தொடங்கியது. 1964 ஜனவரியோடு நடிப்பதை நிறுத்திவிட்டார். தயாரிப்பாளர் கெய்ல் பேட்ரிக் ஜாக்சன் பெயரை மட்டும் எடுக்கவில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பார், தன் பெயர் வருவதைப் பார்த்தால் தெம்பாக இருக்கும் என்று. 1965 ஜூலையில் அவர் இறந்தார். அந்தக் கோடை வரைக்கும் பெயர் ஓடியது.

வாராவாரம் திரையில் ஓடிய பொய். இதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று மதியம் பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தேன். யாரும் இதைச் சொல்லி எதுவும் சம்பாதிக்கவில்லை என்பதாலா? அண்ணா டென்வரில் என்ன சம்பாதிக்கிறான்?

பிப்ரவரி 13, வியாழன்

பயாப்ஸி. நான்கு மணி நேரம் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். அண்ணி லீவு போட்டு வந்திருந்தாள்.

பர்கராக நடித்த டால்மன் 1968-ல் நுரையீரல் புற்றுநோயோடு டிவியில் வந்து, சிகரெட் பிடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, அந்த விளம்பரம் எடுத்த வருடமே செத்துப்போனார். வருடக்கணக்காக மேசனிடம் தோற்றுக்கொண்டே இருந்த மனிதர். அவரை 1960-ல் சேனல் வேலையை விட்டுத் தூக்கியது: ஒரு விருந்து வீட்டில் போலீஸ் புகுந்தபோது அங்கே இருந்தார், கஞ்சா, நிர்வாணம் என்றெல்லாம் செய்தி. வழக்கு நிற்கவில்லை. அப்படியும் எடுக்கவில்லை. அவருக்காக விடாமல் பேசியவர்களில் ஒருவர் பர். திரும்ப எடுத்தார்கள்.

தன் வீட்டில் அவ்வளவு பெரிய ரகசியத்தை வைத்துக்கொண்டு அடுத்தவனுக்காக முன்னால் போய் நிற்பதற்குத் துணிச்சல் வேண்டும். இதை அவர் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 15

அண்ணாவுக்குக் காய்ச்சல். 100.4. போன் செய்தால் பாராசிட்டமால் கொடுத்துக் கவனிக்கச் சொல்கிறார்கள். கவனிக்கிறோம்.

பிப்ரவரி 16

காய்ச்சல் இறங்கியது. ரசம் சாதம் முழுதும் சாப்பிட்டான்!

பர்ரும் பெனவிடெஸும் ஆர்க்கிட் வளர்த்தார்கள். ஃபிஜியில் நைடௌபா என்று ஒரு தீவையே வாங்கிப் போட்டிருந்தார் மனுஷன். மேசனின் செக்ரட்டரி டெல்லாவாக நடித்த பார்பரா ஹேல் பெயரில் ஒரு ஆர்க்கிட் உண்டு. கடைசியில் இங்கே கலிபோர்னியாவில்தான் வந்து சேர்ந்தார்கள், ஹீல்ட்ஸ்பர்க் பக்கம் ட்ரை க்ரீக் பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்டம். நம் வீட்டிலிருந்து வண்டியில் இரண்டு மணி நேரத்துக்குமேல். "ரிசல்ட் வந்ததும் போய்ட்டு வரலாம்" என்றான் அண்ணா. எந்த ரிசல்ட் வந்தால் என்று கேட்கவில்லை.

சிறுநீரகத்தில் தொடங்கிக் கல்லீரலுக்குப் போனது அவருக்கு. இந்த வரியை அண்ணாவிடம் சொல்லவில்லை. அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவனும் என்னிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

லீவு நாள். யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்ததே ஒரு நிம்மதி.

1985-லிருந்து மேசன் மறுபடி வந்தார், இரண்டு மணி நேரப் படங்களாக. பர் 26 படங்களில் நடித்தார். எடை கூடி, கைத்தடி ஊன்றி, மேஜையைப் பிடித்துக்கொண்டு குறுக்கு விசாரணை. கடைசிப் படம் வெளிவந்தபோது அவர் இல்லை. சாவதற்கு முன்னால் நண்பர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் படங்களில் பலவற்றை எடுத்த ஊர் டென்வர். அண்ணாவிடம் சொன்னேன். "பாத்தியா, அங்க வேலை நடக்குதுன்னு சொன்னேன்ல" என்றான்.

பிப்ரவரி 18

அம்மா மறுபடி போன். அண்ணா தூங்கிக்கொண்டிருந்தான். "அவன் இன்னும் வரலியா?" டென்வரில் பனி, ஃப்ளைட் எல்லாம் கேன்சல், ஹோட்டலில் சாப்பாடு பரவாயில்லையாம் என்றேன். எந்த ஹோட்டல் என்று கேட்டாள். அதற்கும் ஒன்று சொன்னேன். எவ்வளவு சுலபமாக வருகிறது! ஹோட்டலில் பக்கத்து அறையில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பையனுக்கு ஆறு வயது.

பிப்ரவரி 19, புதன்

10:40-க்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போனில் சொல்ல மாட்டார்களாம், நேரில்தானாம். எபிசோடைக் கடைசிவரை பார்க்க முடியாது. அண்ணா ஷூ லேஸ் கட்டிக்கொண்டே பார்க்கிறான். பங்காளிதான் கொன்றிருப்பான் என்கிறான். நான் செக்ரட்டரி என்கிறேன். அண்ணி வண்டியை எடுத்துவிட்டாள்.