ஜெனோவாவுக்கு ரயிலில் போனால் இறங்க வேண்டியது பிரின்சிபே

நாகர்கோவிலில் ஜங்ஷன், டவுன் என்று இரண்டு ஸ்டேஷன் இருப்பதால் வெளியூர்க்காரர்கள் மாறி இறங்கித் தவிப்பதுண்டு. ஜெனோவாவில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. ஊரிலிருந்து கப்பல் வேலைக்கோ படிப்புக்கோ இத்தாலி போகிறவர்கள் மிலானில் வண்டி ஏறினால், பல வண்டிகள் முதலில் சம்பியர்தாரேனாவில் நிற்கும். அந்தப் பலகையிலும் ‘ஜெனோவா’ என்றுதான் தொடங்கும். இறங்கிவிடாதீர்கள். பழைய துறைமுகம் போக, அடுத்து வரும் பியாட்சா பிரின்சிபேதான் சரி. அதையும் விட்டால் பிரிஞ்ஞோலே, ஊரின் கிழக்குப் பக்கம்.

மிலானிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். இன்டர்சிட்டியில் இருக்கை எண் உண்டு. ரெஜியோனாலே என்கிற உள்ளூர் வண்டியில் கிடையாது, என்றைக்கு எடுத்தாலும் ஒரே கட்டணம். ஆனால் காகிதச் சீட்டை ஏறுவதற்கு முன் ஸ்டேஷனில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் நுழைத்து முத்திரை விழ வைக்க வேண்டும். போனில் எடுத்தது என்றால் செக்-இன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சீட்டு கையில் இருந்தாலும் அபராதம்தான். முத்திரை விழாத சீட்டை இன்னொரு தடவையும் பயன்படுத்த முடியும் என்பதால் இந்தக் கண்டிப்பு.

பிரின்சிபேயை விட்டு வெளியே வந்ததும் கொலம்பஸ் சிலை நிற்கும். அங்கிருந்து கடலை நோக்கி இறக்கத்தில் கால் மணி நேர நடை. சந்துகள் குறுகல், தரை முழுக்கக் கல், இடையிடையே படிக்கட்டு. உருளைப் பெட்டியோடு இந்த வழி வேண்டாம். மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தமான சான் ஜோர்ஜோவில் இறங்குங்கள்.

நிறுத்தத்துக்கு எதிரிலேயே சான் ஜோர்ஜோ மாளிகை. கடலைப் பார்த்த முகப்பு முழுக்க வண்ண ஓவியம். அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். பின்பக்கம் போய்ப் பாருங்கள், 1260-இல் கட்டிய பழைய பகுதி அங்கேதான் இருக்கிறது. மார்க்கோ போலோவைச் சிறை வைத்த இடம் இது என்பது ஊர் வழக்கு. 1298-இல் ஜெனோவாச் சிறையில் அவர் சொல்லச் சொல்ல, உடன் இருந்த ருஸ்திகெல்லோ அவருடைய பயண நூலை எழுதினார். அதில் ‘கோமாரி’ என்று நம்ம குமரியும் வருகிறது: முப்பது மைல் கடலுக்குள் போனால் துருவ நட்சத்திரம் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே தெரியும் என்கிறார். குமரிக்காரர்கள் ஜெனோவாவில் வேறெதையும் பார்க்க நேரமில்லாவிட்டாலும் இந்தச் சுவர் முன்னால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும்.

மேற்கே லாந்தெர்னா கலங்கரை விளக்கம் தெரியும். இப்போதைய கோபுரம் 1543-இல் எழுந்தது. உயரம் 77 மீட்டர், ஏறத்தாழ 250 அடி. நம்ம வள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி.

பசிக்கு ஃபரினாத்தா. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அகலமான செம்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி விறகடுப்பில் சுடுவார்கள். மேலே பொன்னிறமாகப் பொரிந்து, உள்ளே குழைவாக இருக்கும். மிளகுத்தூள் தூவிச் சூட்டோடு தின்ன வேண்டும், ஆறினால் விறைத்துப்போகும்.

திரும்பும்போது வண்டி பிரிஞ்ஞோலேயில் புறப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் சான் ஜோர்ஜோவிலிருந்து மெட்ரோவில் நேரே பிரிஞ்ஞோலே போய் ஏறுங்கள். பிரின்சிபேயில் ஏறினால் மாலை ரெஜியோனாலேயில் மிலான் வரை நிற்க வேண்டி வரலாம்.